எலும்பைக் காக்கும் மண், எலும்பைத் தின்னும் மண்

1964-ஆம் ஆண்டு சிலாங்கூரில் பந்திங்குக்கு அருகேயுள்ள கம்போங் சுங்கை லாங்கில் ஒரு சிறு மண்மேட்டுக்குள்ளிருந்து இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. வட வியட்நாமில் செழித்த டோங் சோன் பண்பாட்டைச் சேர்ந்த முரசுகள் அவை; அங்கே அவற்றை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். முரசுகளின் அடியில் ஒரு மரப்பலகை இருந்தது. அது ஒரு படகின் அடிப்பகுதி என்பது தொல்லியலாளர்களின் கணிப்பு. கூடவே கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஊரில் செல்வாக்கோடு வாழ்ந்த ஒருவரைப் படகோடு கிடத்தி மண்மூடிய இடம் அது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் அந்த இடத்தின் புகழெல்லாம் முரசுக்கும் பலகைக்கும்தான். அங்கே கிடத்தப்பட்டவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த நோயால் இறந்தார், எங்கே பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லக்கூடிய எலும்புக்கூடு எதுவும் நம் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. வெண்கலம் இருக்கிறது, மரம்கூட இருக்கிறது, மனிதர்தான் இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் கரைகளிலும் அவற்றை ஒட்டிய சிறு தீவுகளிலும் இடைக்காலத் துறவிகள் சின்னஞ்சிறு ஜெபக்கூடங்களைக் கட்டினார்கள். நம் பள்ளிப்படைக் கோயில்களைப் போல அவையும் இறந்தவர்களோடு ஒட்டிப் பிறந்தவை: சில இடங்களில் கல்லறைகள் முதலில் வந்தன, கூடம் பின்னால் வந்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கடல்முகத்தில் உள்ள மே தீவில் 1992 முதல் 1997 வரை அகழ்ந்தபோது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக் காலப் புதைகுழிகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. அவற்றில் ஒருவரின் வாயில் ஒரு விசிறிச் சிப்பியை வைத்திருந்தார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு யாத்திரை போய் வந்ததன் அடையாளம் அது. அந்தத் தீவின் பல எலும்புகளில் கடும் நோயின் தடங்கள் இருக்கின்றன. பிணி தீர்க்கும் புனிதரைத் தேடி நோயாளிகள் கடல் கடந்து வந்தார்கள் என்ற வாதத்துக்கு அந்த எலும்புகளே சாட்சி. வேல்ஸின் ஒயிட்சாண்ட்ஸ் விரிகுடாவில் புனித பேட்ரிக் ஜெபக்கூடம் நின்ற மணல்மேட்டில் 2014-இலிருந்து நடந்த அகழாய்வுகளில் 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான ஆண், பெண், குழந்தைகளின் எலும்புக்கூடுகள் சிதையாமல் கிடைத்தன. குழந்தைகளின் குழிமேல் பரப்பிய வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள்கூட வைத்த இடத்திலேயே இருந்தன.

இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் மனம் ஒரு முடிவுக்குத் தாவும்: அவர்கள் இறந்தவர்களைப் போற்றினார்கள், நாம் மறந்தோம், அல்லது, அங்கே மக்கள் இருந்தார்கள், இங்கே காடுதான் இருந்தது. இரண்டுமே தவறு. இந்த இடங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பக்திக்கு உள்ள பங்கு சிறிது. சுண்ணாம்புக்கு உள்ள பங்கு பெரிது. எலும்புகளைக் கொண்டு எழுதப்படும் வரலாறு, உலகெங்கும், சுண்ணாம்பு மண்ணில் புதைக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகவே எழுதப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது இதை மறப்பது பெரிய பிழைகளில் கொண்டுபோய் விடும்.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற நுண்படிகம் அது. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை. இழை எலும்புக்கு வளையும் தன்மையைத் தருகிறது, கனிமம் விறைப்பைத் தருகிறது. ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் அமிலம் கனிமத்தைக் கரைத்துவிடும். மிஞ்சியதை விரலால் முடிச்சுப்போடும் அளவுக்கு வளைக்கலாம். மண்ணிலும் இதுவேதான் நடக்கிறது, மெதுவாக. மழைநீர் காற்றிலும் வேர்களருகிலும் கரியமில வாயுவை ஏற்று இலேசான அமிலமாகிறது. அது எலும்பைத் தொடும்போது கால்சியம் கரைகிறது. கனிமக் கவசம் போனதும் கொலாஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. மண்ணின் அமிலநிலையைக் காட்டும் pH மதிப்பு 7.5-க்கு மேல் இருந்தால் இந்தக் கரைவு ஏறக்குறைய நின்றுவிடும். 6-க்குக் கீழே இறங்க இறங்க அதன் வேகம் பலமடங்கு கூடும்.

ஜெபக்கூடங்கள் இருந்த அந்தக் கரைகளில் பல இடங்களின் மணலில் பெரும்பகுதி கற்பொடி அல்ல, உடைந்த சிப்பியும் நத்தை ஓடும்தான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சில கடற்கரைகளின் மணலில் முக்கால் பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. மழைநீர் அந்த மணல் வழியாக இறங்கும்போது முதலில் சிப்பித்தூளைக் கரைக்கிறது. கரைத்துக் கரைத்து, எலும்பை அடையும் முன்பே அதன் அமிலம் தீர்ந்துவிடுகிறது, pH 8 அருகே போய்விடுகிறது. எலும்புக்கு வந்த வினையைச் சிப்பி ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லலாம். புதைத்தவர்களுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. அயர்லாந்தின் கெரி கரையில் இல்லான்லாக்கன் என்ற குறுந்தீவில் துறவிகள் தங்கள் முன்னோரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, விசிறிச் சிப்பிகளோடும் வெண்கற்களோடும் ஒரு கல்மாடத்துக்குள் மீண்டும் வைத்தார்கள். சிப்பியை வைத்தது அவர்களுடைய நம்பிக்கை. எலும்பின் பக்கத்தில் சுண்ணாம்பை வைத்ததாகவும் அது ஆகிவிட்டது.

தீவுகள் புனிதமானவை என்பதால்தான் உடல்களை அங்கே கொண்டுபோனார்கள், அதனால்தான் அங்கே எலும்பும் அதிகம் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. வேல்ஸின் பார்ட்சி தீவில் இருபதாயிரம் புனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள் என்று இடைக்காலத்தில் நம்பினார்கள். மூன்று முறை அங்கே போனால் ஒருமுறை ரோமுக்குப் போன புண்ணியம் என்றும் சொன்னார்கள். அந்தத் தொகையை யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் சாகப்போகிறவர்கள் தீவை நாடினார்கள் என்பது உண்மை. இருந்தாலும் இந்த மறுப்பு ஒரு சோதனையில் தோற்கிறது. அதே வேல்ஸின் உள்நாட்டில், அதே நூற்றாண்டுகளில், அதே சமயத்தார் வெட்டிய புதைகுழிகள் இருக்கின்றன. குழி கிழக்கு மேற்காக ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும், பக்கங்களில் கற்பலகை நிறுத்தப்பட்டிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அமில மண் உடலைத் தின்றுவிட்டுக் குழியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஒயிட்சாண்ட்ஸ் கண்டுபிடிப்பை வேல்ஸ் ஆய்வாளர்கள் அவ்வளவு பெரிதாகக் கொண்டாடியதற்கு அதுவும் ஒரு காரணம்: அந்த நாட்டில் எலும்பு மிஞ்சுவதே அபூர்வம்.

இனி நம் பக்கம் வருவோம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெப்பம் ஆண்டு முழுக்க 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து இலட்சக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கடலுக்கு அனுப்பிவிட்டன. மிஞ்சியவை களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் நகரைச் செங்கல்லால் கட்டினார்கள். அதற்குச் சூளை போட்ட பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி இப்படிப்பட்ட களிமண் நிலம்தான். சூளைக்கு உகந்த மண் கல்லறைக்கு உகந்ததல்ல. மலேசிய மேட்டுநிலங்களின் சிவந்த மண்ணுக்கு pH பொதுவாக 4-க்கும் 5-க்கும் இடையில். வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது: வேதிவினைகள் குளிர்நாட்டைவிட இங்கே பலமடங்கு விரைவு. பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முயலும் ஆய்வாளர்களுக்கு வெப்ப நாடுகள் எல்லாமே தலைவலி. கீழடியை ஒட்டிய கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் எலும்புகள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தும் மரபணு ஆய்வு எளிதாக அமையவில்லை. கோலாலம்பூர் நகரமே சுண்ணாம்புப் பாறையின்மேல்தானே நிற்கிறது, பத்துமலை அதன் நீட்சிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நகரின் பெரும்பகுதியில் அந்தப் பாறை, ஆற்று வண்டலுக்கும் ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற மணலுக்கும் அடியில், பல மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மழைநீர் மேலிருந்து கீழே இறங்குவது. ஆறடிக் குழியில் கிடப்பவருக்கு அதற்குக் கீழே உள்ள சுண்ணாம்பால் பயனில்லை.

கிள்ளான் கரையோரத்தின் கதை இன்னும் கொடியது. அங்கே மண் கெட்டது மழையால் மட்டுமல்ல, நாம் வெட்டிய கால்வாய்களாலும்தான். சதுப்புநிலக் கண்டல் காட்டின் சேற்றில் காற்று நுழையாது. கடல்நீரில் உள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்ற, அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்ட முதலாளி கிள்ளானுக்குத் தெற்கே லங்காட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தீவைத் தோட்டமாக்கினார். அதுதான் இன்றைய கேரித் தீவு. அலையைத் தடுக்கக் கரை எழுப்பி, மதகு வைத்து, கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். வெட்டிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். நீர் வடிந்த களிமண் காய்ந்து வெடித்தது, வெடிப்பு வழியே காற்று புகுந்தது, பைரைட் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலமானது. இப்படிப்பட்ட மண்ணில் வெட்டிய கால்வாயின் பக்கச்சுவரைப் பார்த்தால் சாம்பல்நிறக் களியில் வைக்கோல்நிற மஞ்சள் திட்டுகள் தெரியும். ஜாரோசைட் என்ற அந்தத் திட்டு இருந்தால் pH 4-க்கும் கீழே என்று ஆளைக் கூப்பிடாமலே சொல்லிவிடலாம். கால்வாயில் துருநிறப் படலம் மிதக்கும். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய மண் ஒரு இலட்சம் ஹெக்டேருக்கும் மேல். செம்பனை பிழைக்கவேண்டும் என்பதற்காகத் தோட்ட நிர்வாகங்கள் கால்வாய் நீர்மட்டத்தைத் தாழவிடாமல் காக்கின்றன, சுண்ணாம்பு தூவுகின்றன. லயத்துக்குப் பின்னாலுள்ள இடுகாட்டுக்கு யாரும் தூவுவதில்லை.

மண்தான் காரணம் என்றால் நம் நாட்டிலேயே சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் எலும்பு நிலைத்திருக்க வேண்டும் அல்லவா? நிலைத்திருக்கிறது. பேராக்கில் தைப்பிங் பக்கத்து மாத்தாங் சதுப்புக்காட்டில் புலாவ் கெலும்பாங் என்றொரு தீவு இருக்கிறது. தொல்லியலார் அதைக் கோல செலின்சிங் என்பார்கள். கி.மு. 200-ஐ ஒட்டிய காலத்திலிருந்து கி.பி. 1000 வரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். கால்நட்டுக் கட்டிய வீடுகள், மணி செய்யும் தொழில், கடல்வழி வாணிபம். பல்லவ எழுத்தில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்று பொறித்த முத்திரைக்கல் கிடைத்ததும் இங்கேதான். ஐவர் எவன்ஸ் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், மலேசிய ஆய்வாளர்கள் பின்னாளிலும் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன, சில தோணிக்குள் கிடத்தப்பட்டபடி. சுங்கை லாங்கைப் போலவே ஈரக் கரை, அதே வெயில், அதே மழை, அதே படகு அடக்கம். ஒன்று மட்டும் வேறு: கோல செலின்சிங் மக்கள் தின்று வீசிய சிப்பி ஓடுகள் வீடுகளுக்கடியில் மேடாகக் குவிந்திருந்தன. செபராங் பிறையின் குவார் கெப்பாவிலும் இதே கதை. சிப்பி மேட்டுக்குள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட 'பினாங்குப் பெண்' 2017-இல் கிடைத்தார். லெங்கோங்கின் 'பேராக் மனிதன்' பத்தாயிரம் ஆண்டுகள் கடந்தும் முழு உருவாக இருப்பது சுண்ணாம்புப் பாறைக் குகையில் கிடத்தியதால்; அவரைச் சுற்றியும் நத்தை ஓடுகள். ஸ்காட்லாந்துத் துறவியையும் பேராக் வேட்டைக்காரரையும் நமக்குக் காட்டித்தந்தது ஒரே பொருள்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், குவார் கெப்பாவின் சிப்பி மேடுகளில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு சுடுவதற்காகவே வெட்டி அழித்தார்கள்.

எலும்பு இல்லாத இடத்தையெல்லாம் கல்லறை என்று சொல்ல இது வழிவிடாதா, எதை வேண்டுமானாலும் 'கரைந்துவிட்டது' என்று சொல்லித் தப்பிக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. கடுமையான மறுப்பு, ஆனால் பதில் உண்டு. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் மண்மேட்டுக்குள் 27 மீட்டர் நீளக் கப்பலும் அரச அணிகளும் கிடைத்தன, உடல் கிடைக்கவில்லை. உடலே வைக்காத வெறும் நினைவிடம் அது என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள். பின்னர் மண்ணைச் சோதித்தபோது, உடல் இருந்திருக்க வேண்டிய பகுதியில் பாஸ்பேட் மிகுந்திருந்தது. 1980-களில் அதே களத்தின் வேறு குழிகளில், எலும்பு கரைந்து மணலில் கருநிழலாகப் படிந்த மனித உருவங்கள் தெரிந்தன. முழங்கால் மடிந்திருப்பதுகூடப் புரிந்தது. ஆகவே 'கரைந்துவிட்டது' என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று: மண்ணின் pH, பாஸ்பேட் அளவு, நிறமாற்றம் மூன்றும் சாட்சி சொல்லும். அவற்றைப் பார்க்காமல் கல்லறை என்று சொல்வதும் தவறு, இல்லை என்று சொல்வதும் தவறு. மரம் நிற்க எலும்பு கரையுமா என்ற ஐயமும் இங்கே தீரும். மரத்தை அழிப்பது காற்றோடு வரும் பூஞ்சை, எலும்பை அழிப்பது அமிலம். காற்றில்லாத அமில ஈரத்தில் மரம் பிழைக்கும், எலும்பு பிழைக்காது. ஜெர்மனியின் டாமெண்டார்ஃப் சதுப்பில் 1900-இல் கிடைத்த மனிதரின் தோல் முழுதாக இருந்தது, உள்ளே எலும்பு முற்றிலும் கரைந்து போயிருந்தது.

இந்துக்கள் எரிப்பவர்கள், எனவே மண்ணைக் குறைசொல்ல ஒன்றுமில்லை என்பவர்களும் உண்டு. தோட்டப்புறத்தில் எல்லாரும் எரிக்கவில்லை; புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் ஏராளம், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள், விறகுக்கும் ஆளுக்கும் வழியில்லாத சாவுகளும் இருந்தன. ஆனால் அறிவியல் சொல்லும் செய்தி இன்னும் விசித்திரமானது. 600 டிகிரிக்கு மேல் எரிந்த எலும்பில் கனிமப் படிகங்கள் பெரிதாகி இறுகுகின்றன, கொலாஜன் போய்விடுகிறது. வெண்மையான அந்தத் துண்டு அமில மண்ணில் பச்சை எலும்பைவிடப் பல மடங்கு காலம் தாக்குப்பிடிக்கும். அதிலிருந்து கார்பன் காலக்கணிப்பும் செய்ய முடிகிறது. அதாவது கிள்ளான் மண்ணில் காலத்தை வெல்லக்கூடியது எரித்த எலும்புதான், புதைத்த எலும்பல்ல. அதையும் நாம் கலசத்தில் கட்டிக் கடலில் கரைத்துவிடுகிறோம். நம் சடங்கு அப்படி. அதில் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கரையின் தமிழர்கள் எலும்பு வழியாகப் பேசப்போவதில்லை என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

மே தீவின் நோயாளிகளை ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்க முடிந்ததுபோல, கேரித் தீவில் கால்வாய் வெட்டியவர்களையும் என்றோ ஒருநாள் யாரோ படித்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. அவர்கள் குடித்த தண்ணீர், பட்ட பட்டினி, சுமந்த பாரம், அவர்களை வாட்டிய காய்ச்சல் எல்லாம் பற்களிலும் முதுகெலும்பிலும் எழுதப்பட்டிருந்தன. அமிலம் அந்த ஏட்டை அழித்துக்கொண்டிருக்கிறது, சில இடங்களில் அழித்தே முடித்திருக்கும். மேலே இருக்கும் அடையாளங்களும் வேகமாகப் போகின்றன. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, பெராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. தோட்டம் நகரமாகும்போது கோயிலுக்காகக் குரல் எழுகிறது, அது நியாயம். இடுகாட்டுக்காக எழும் குரல் மிகக் குறைவு. ஐரோப்பியத் தீவுகளில் ஜெபக்கூடம் இடிந்தபின்னும் மணல் சாட்சியத்தைக் காத்தது. இங்கே மண் காக்காது என்று தெரிந்தபின் அந்த வேலை மனிதர்களுடையது. உங்கள் குடும்பத்துத் தோட்ட இடுகாடு இன்னும் இருந்தால், அங்குள்ள நடுகல், சிமெண்டு மேடை, சிலுவை, பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் படமெடுங்கள். பெயர், ஆண்டு, இடக்குறிப்பு எழுதுங்கள். யார் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்த முதியவர்களிடம் இந்த ஆண்டே கேட்டுப் பதிவு செய்யுங்கள். இடத்தை மாற்றுவதாக அறிவிப்பு வந்தால், மண்ணை வெட்டும் முன் ஒரு தொல்லியலாளரை அழைக்கும்படி கேளுங்கள்.